குகையும் வரைபடமும்: கணனிச் சாகச ஆட்டங்களின் புதிர்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

1

கலை வடிவமொன்று முதுமை எய்தும்போது, அதனைப் பற்றிய ஆய்வுக்கு முன்னர் அதனைப் பற்றிய ஏக்கம் முந்திக்கொண்டு வந்துவிடுவதுண்டு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெருவழக்காயிருந்த எழுத்துவழிச் சாகச ஆட்டங்களுக்கு இன்று நேர்ந்திருப்பதும் இதுவே. அவ்வாட்டங்களின் அமைப்பு எளிமையானது. திரையிலே ஓரிடத்தைப் பற்றிய சில வரி வருணனை தோன்றும். ஆடுபவர் 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்பன போன்ற சுருக்கமான கட்டளைகளை ஆங்கிலத்திலே தட்டெழுதுவார். அவற்றின் விளைவைக் கணனி மீண்டும் எழுத்திலேயே அறிவிக்கும். வழியிலே பூட்டிய கதவுகளும் பாலமற்ற பிளவுகளும் வழிமறிக்கும் விலங்குகளும் எதிர்ப்படும். அவற்றைக் கடக்கும் உபாயத்தைக் கண்டறிவதே ஆட்டத்தின் உயிர்.

அன்று இளைஞராயிருந்து இவற்றை ஆடியோர் இன்று முதிய பருவத்தினர். அவர்தம் நினைவுக் குறிப்புகளிலே ஒரே முடிவு மீண்டும் மீண்டும் வரக் காணலாம். அக்காலப் புதிர்கள் கடினமானவை. கடினமானவையாதலின் அறிவை வளர்த்தன. இன்றைய ஆட்டங்கள் வழிகாட்டிக்கொண்டே செல்வதால் தரம் தாழ்ந்தன என்பதே அம்முடிவு. இதனைப் பரிசீலனையின்றி ஏற்றுக்கொள்வது விமர்சகனுக்கு இயலாது. கடினம் என்பது ஒற்றைப் பண்பு என இக்கூற்று எடுத்துக்கொள்கிறது. ஆனால், வெவ்வேறு புதிர்கள் வெவ்வேறு காரணங்களாற் கடினமாயின. மேலும், புதிரை அவிழ்த்த பெருமையைத் தனிமனிதரின் கூர்மதிக்கே இது உரிமையாக்குகிறது. அவிழ்த்தலின் பின்னால் நின்ற கூட்டு முயற்சி மறக்கப்படுகிறது. குறிப்பிட்ட சில ஆட்டங்களின் புதிர்களை மீண்டும் எடுத்து நோக்கி, அவற்றை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் ஒன்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வடிவத்தின் முன்னோடியாக விடுகதையைக் கொள்ளவேண்டும் என்று நிக் மொன்ற்போட் 2003இல் வெளிவந்த தமது நூலிலே வாதிட்டார். தொல்காப்பியர் செய்யுளியலிலே 'பிசி'யையும் யாப்பின் வகைகளுள் ஒன்றாக வைத்தெண்ணியதை அறிந்த நமக்கு இவ்வாதம் அந்நியமானதன்று. ஈழத்துத் தமிழர் 'நொடி' என வழங்குவதும் இதனையே. நொடி போடுதலிலே எழுதப்படாத ஒப்பந்தமொன்று உண்டு. விடை தெரியாது தோற்றவர், விடையைக் கேட்டதும் 'ஆம், இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்' என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அவ்வாறு ஒப்புக்கொள்ள இயலாதாயின் தோல்வி நொடி போட்டவரையே சாரும். விடையை அறிந்த பின்னர் வினாவைத் திரும்பிப் பார்க்கும்போது கிடைக்கும் இந்த ஒப்புதலையே இக்கட்டுரையிற் புதிரின் நேர்மை எனக் குறிப்பிடுகின்றோம்.

2

இவ்வடிவத்தின் மூலநூல் எனத்தக்கது 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' என்பதாகும். அதனை முதலில் எழுதியவர் வில்லியம் குறோதர். மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜிலே, இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் அவர் செயல்நிரலாளராகப் பணியாற்றினார். கென்ரக்கி மாநிலத்து மாமத் குகைத்தொகுதியை ஆராய்ந்து வரைபடமாக்கிய குழுவினருள்ளும் அவர் ஒருவர். மணவாழ்வு முறிந்தபின், தம்மைக் காணவரும் மகள்மார் இருவரும் ஆடி மகிழ்தற்பொருட்டு 1975-76 காலப்பகுதியிலே தாம் அறிந்த குகையை ஆட்டமாக்கினார். 1977இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து டொன் வூட்ஸ் அதனை விரிவாக்கினார். பல்கலைக்கழகங்களின் பெருங்கணனிகளிலே விலையின்றிக் கைமாறி அது பரவியது.

குறோதரின் ஆட்டம் வெறுங் குகையாகவே இருந்தது என்றும், மாயமும் கற்பனையும் வூட்ஸ் சேர்த்தவை என்றும் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. வூட்ஸின் பழைய கணனிக் கோப்புகளினிடையே பாதுகாக்கப்பட்டிருந்த குறோதரின் மூலச் செயல்நிரலை டென்னிஸ் ஜேர்ஸ் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தார். மெய்யான குகைக்குள்ளும் இறங்கி இரண்டையும் ஒப்பிட்டார். 2007இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மந்திரச் சொல்லும் கோடரி எறியும் குள்ளரும் குறோதரின் முதற்படியிலேயே இருந்தமையை நிறுவியது. குகையின் அமைப்பும் பெரும்பாலும் மெய்க்குகையைத் தழுவியது என்பது அதனால் உறுதியாயிற்று. நினைவு எவ்வளவு எளிதாகப் பிழைபடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இத்துறையிலே பாடபேத ஆராய்ச்சியும் கள ஆய்வும் ஏட்டுச்சுவடி ஆராய்ச்சிக்கு எவ்வகையிலும் குறையாத தேவையுடையன.

இக்குகைக்கு ஆட்டத்திற்கு முற்பட்ட சமூக வரலாறொன்றும் உண்டு. 1838இல் ஸ்ரீபன் பிஷப் என்னும் அடிமை இளைஞர் மாமத் குகையிலே வழிகாட்டியாக நியமிக்கப்பட்டார். அதுவரை எவரும் கடந்திராத 'அடியற்ற பள்ளம்' எனப்படும் பிளவை அவர் கடந்தார். அதற்கப்பாலுள்ள பகுதிகளைக் கண்டறிந்தார். 1842இல் தம் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். அது 1845இல் நூலொன்றிலே அச்சேறியது. அவருக்கு விடுதலை கிட்டியது 1856இல். மறு ஆண்டே இறந்தார். அவருக்கு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னர், 1972 செப்ரெம்பரிலே, பிளின்ற் றிட்ஜ் குகைத்தொகுதியும் மாமத் குகையும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதைக் கண்டறிந்த குழுவிலே பற்றிசியா குறோதர் இருந்தார். வில்லியம் குறோதரின் அன்றைய துணைவியார் அவர். குகை நடுவே பிறர் நுழைய இயலாத இடுக்கொன்றை அவரது மெல்லிய உடலே முதலிற் கடந்து வழியைக் காட்டிற்று.

எனவே திரையிலே தோன்றும் குகை, ஒருவர் தனிமையிலிருந்து புனைந்த கற்பனையுலகன்று. அடிமையொருவரின் உழைப்பும் ஆய்வாளர் பலரின் அளவீடுகளும் அதனடியிலே படிந்துள்ளன. ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற புதிரொன்று இப்பின்னணியிலேயே பொருள்பெறுகிறது. எல்லா அறைகளும் ஒரேமாதிரியாக வருணிக்கப்படும் சிக்கல்வழிப் பகுதியிலே ஆடுபவர் திசைகெட்டு நிற்பார். கையிலுள்ள பொருள்களை அறைக்கொன்றாக இட்டு, அறைகளை வேறுபடுத்தி, தாளிலே வரைபடம் கீறுவதே அதனைக் கடக்கும் வழி. இதற்கு மாயமொன்றும் வேண்டியதில்லை. இருளிலே தடம் அறிய விரும்பும் எந்த மனிதரும் கைக்கொள்ளும் உழைப்பு முறையே விடையாகிறது. பிஷப் தம் வாழ்விற் செய்ததை ஆடுபவர் தம் மேசையிலே சிறிய அளவிற் செய்கிறார். புதிர் கடினமானது; ஆயினும் நேர்மையானது.

3

அதே ஆட்டத்தின் மற்றொரு புதிரை நோக்குவோம். குகையுள் ஒரு சிறு பறவை உண்டு. அதனைப் பிடிக்கக் கூண்டு வேண்டும் என்பது எவருக்கும் தோன்றும். கூண்டிருந்தும் பறவை அகப்படாது. முதலில் அஞ்சாதிருந்த பறவை, அணுகும்போது மட்டும் கலக்கமுறுவதாக ஆட்டம் தெரிவிக்கிறது. காரணம் ஆடுபவரின் கையிலுள்ள கருங்கோல். கோலைக் கீழே வைத்தாற் பறவை அகப்படும். இங்கே துப்பு வருணனையிலேயே அடங்கியுள்ளது; உயிரொன்றின் அச்சத்தை அதன் பார்வையிலிருந்து எண்ணிப்பார்க்கும்படி ஆடுபவர் தூண்டப்படுகிறார். ஆனால், அப்பறவையை விடுவித்தால் அது பெரும் பாம்பொன்றை விரட்டியடிக்கும் என்னும் அடுத்த படியை எதிர்பார்ப்பதற்குப் போதிய ஆதாரம் ஆட்டத்தில் இல்லை. எதிர்ப்பட்ட இடமெல்லாம் கையிலுள்ளதைப் பயன்படுத்திப் பார்க்கும் பொறுமையே அங்கே பலன் தருகிறது. ஒரே புதிரின் முற்பாதி நேர்மையாகவும் பிற்பாதி வெறும் முயற்சி-பிழையாகவும் அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது.

வூட்ஸ் விரிவாக்கிய வடிவத்திலே முழுப் புள்ளிகள் 350. அவற்றுட் கடைசிப் புள்ளியொன்று ஆடுபவரிடையே இழிபுகழ் பெற்றது. குகையாளருக்கான சஞ்சிகையொன்றைக் குறிப்பிட்ட ஓரிடத்திலே கொண்டுபோய்ப் போட்டால் அப்புள்ளி கிடைக்கும். ஏன் அங்கே போடவேண்டும் என்பதற்கு எந்த அனுமானமும் இட்டுச்செல்லாது. விடையைக் கேட்டவர் வியக்கலாம், சிரிக்கலாம், ஒப்புக்கொள்ள முடியாது. கடினத்தின் உச்சியில் நிற்கும் இதனை அறிவை வளர்த்த புதிர் என்று எவர் கூறுவர்?

மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங், ரிம் அன்டர்சன், புறூஸ் டானியல்ஸ் ஆகியோர் 1977 முதல் உருவாக்கிய 'சோர்க்', இவ்விரு முனைகளையும் தன்னுள்ளே கொண்டது. அவர்களுட் சிலரும் சக ஊழியரும் 1979இல் நிறுவிய இன்போகொம் நிறுவனம், பெருங்கணனியிலிருந்த அவ்வாட்டத்தை வீட்டுக் கணனியின் சிறிய நினைவகத்திலே அடக்கவியலாது, பகுதிகளாகப் பிரித்து 1980 முதல் விற்பனைக்கு விட்டது. முதற்பகுதியிலே அணிகலம்போல் இழைக்கப்பட்ட முட்டையொன்று கிடைக்கும். அதனைத் திறக்க முயன்றால் உடைந்துவிடும். ஆட்டம் முழுவதும் ஆடுபவரின் உடைமைகளைக் கவர்ந்து தொல்லைகொடுக்கும் திருடன் ஒருவனுக்கே அதனைப் பழுதின்றித் திறக்கும் கைத்திறன் உண்டு. முட்டையை அவனிடமே கொடுத்துவிடுவது அதன் விடை. பகைவனாகவே கண்டுவந்தவனைத் தொழிலறிந்தவனாகக் காணச்செய்யும் இப்புதிர், பாத்திரத்தைப் பற்றிய நமது கணிப்பையே புரட்டிவிடுகிறது. சிறுகதையின் சிறந்த திருப்பமொன்று செய்யும் வேலையைப் புதிர் இங்கே செய்கிறது.

இதற்கு மாறாக, இரண்டாம் பகுதியிலே கோணலான அறைகளைக் கொண்ட சிக்கல்வழி ஒன்று உண்டு. பேஸ்போல் ஆட்டத்திலே ஓட்டக்காரர் தளங்களைச் சுற்றிவரும் வரிசையில் அறைகளைச் சுற்றினாலன்றி அதனைக் கடக்கமுடியாது. அமெரிக்கச் சிறுவனுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட அறிவு, கிரிக்கெற் மட்டும் அறிந்த நாட்டினருக்குப் பெருங்கதவாகி மறித்து நின்றது. பிரித்தானியாவில் ஆடியோர் இதனால் எரிச்சலுற்றமை இயல்பே. அவர்கள் மதியிலே குறையொன்றுமில்லை. ஆட்டம் தன் வாசகனை எந்நாட்டான், எச்சூழலில் வளர்ந்தவன் என முன்னரே தீர்மானித்துவிட்டது. கடினம் என்று நாம் கூறுவது சில வேளைகளிற் பண்பாட்டு எல்லையின் மறுபெயராகவே இருந்துவிடுகிறது. இந்தக் குறையைத் தவிர்க்கும் வழியும் சோர்க்கின் முதற்பகுதியிலேயே உண்டு. வழிமறிக்கும் ஒற்றைக்கண் அரக்கனைக் கிரேக்கக் காவிய நாயகனின் பெயரைச் சொல்லி வெருட்டலாம். காவியம் அறியாதவர் அவனுக்கு உணவும் நீரும் கொடுத்து உறங்கவைக்கலாம். கற்றவருக்கு ஒரு வழி, கல்லாதவருக்கு ஒரு வழி என இரண்டும் திறந்திருப்பதே புதிரமைப்பிலே சனநாயகம் எனலாம்.

ஆடுபவருக்கு எதிராக ஆசிரியர் வெளிப்படையாகவே சதி செய்யும் வகையும் உண்டு. டக்ளஸ் அடம்ஸும் ஸ்ரீவ் மெரற்ஸ்கியும் இணைந்து எழுதி இன்போகொம் 1984இல் வெளியிட்ட 'த ஹிச்ஹைக்கர்ஸ் கைட் ரு த கலக்சி' அதற்குச் சிறந்த உதாரணம். பொறியொன்றின் விசையை அழுத்தினாற் சிறு மீனொன்று பாய்ந்து வெளியேறிச் சுவரிலுள்ள துளையிலே மறையும். துளையை மேலங்கியால் மறைத்தால் மீன் வடிகாலில் விழும். வடிகாலைத் துவாயால் மூடினால் துப்புரவுப் பொறியொன்று வந்து கவர்ந்துசெல்லும். அதனைத் தடுத்தால் மற்றொன்று வரும். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த படியைக் கற்பிப்பதால் இது பெரும்பாலும் நேர்மையான நகைச்சுவை. ஆனால், கடைசிப் படிக்கு வேண்டிய விளம்பரக் கடிதங்களைப் பூமி அழியுமுன்னரே வீட்டுவாசலில் எடுத்திராதவர் இனி அவற்றைப் பெறவே முடியாது. தோற்றுவிட்டோம் என்பதையும் அறியாமல் அவர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார். அதே ஆட்டத்திலே தேநீர் இருத்தலையும் தேநீர் இன்மையையும் ஒருங்கே கையில் வைத்திருந்து ஒரு கதவுக்குத் தன் அறிவை நிரூபிக்கும் புதிரும் உள்ளது. முரண்பட்ட இரண்டின் ஒருமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய தத்துவவாதிகளும் இதனைக் கண்டு நகைத்திருப்பர்.

4

நேர்மையற்ற புதிர்கள் ஏன் இத்துணை பெருகின? ஆசிரியரின் குறும்பு என்பது போதிய விடையன்று. புதிர் விற்பனைப் பண்டமாகிய நிலைமைகளை நோக்குதல் வேண்டும்.

1978இல் ஸ்கொற் அடம்ஸ் ரி.ஆர்.எஸ்.-80 கணனிக்காக எழுதிய 'அட்வெஞ்சர்லாண்ட்' 16 கிலோபைற் நினைவகத்தில் அடங்கவேண்டியிருந்தது. பிரித்தானியாவில் 1982 ஏப்ரிலில் வெளிவந்த சின்கிளேயர் ஸ்பெக்ரம் 16 கிலோபைற் வடிவில் 125 பவுணுக்கும், 48 கிலோபைற் வடிவில் 175 பவுணுக்கும் விற்பனையாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அந்நாட்டிலே வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது என்பதையும் மனங்கொள்ளவேண்டும். ஒலிநாடாவிலே பதிந்து விற்கப்பட்ட ஆட்டமொன்றை வாங்குவது தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சிறு செலவன்று. வாங்கியது பல வாரங்களுக்கேனும் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் நினைவகத்திலோ அதிக இடங்களை வருணிக்க இடமில்லை. சில அறைகளைக் கொண்டு பல வாரங்களை நிரப்பும் மலிவான உபாயமாகப் புதிரின் கடினம் பயன்பட்டது. 'திற' என்றால் ஏற்காது 'நெம்பு' என்றால் மட்டும் ஏற்கும் கதவுகளும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. அங்கே ஆடுபவர் தேடியது விடையையன்று, செயல்நிரலின் குறுகிய சொற்பட்டியலிலுள்ள வினைச்சொல்லையே. பொருளாதாரமும் தொழில்நுட்பமும் விதித்த எல்லைகளை அழகியற் கொள்கையாகப் போற்றுவது ஏக்கத்தின் மயக்கமாகும்.

அவ்வெல்லைகளுள்ளும் ஆற்றலுள்ளோர் புதியன படைத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. மெல்பேண் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த வெரோனிக்கா மெக்லரும் பிலிப் மிச்செலும் உருவாக்கிய 'த ஹொபிற்' 1982இல் வெளிவந்தது. அதிலே துணைப்பாத்திரங்கள் ஆடுபவரின் கட்டளைக்காகக் காத்திராமல் தாமாகவே இயங்கின. கதையின் முடிவுக்கு இன்றியமையாத வில்லாளன் இடையிலேயே மாண்டுபோதலும் நேரக்கூடும். ஒருவர் கண்ட வழி மற்றவருக்குப் பலிக்குமென்பது உறுதியில்லை. ஆட்டத்துடன் மூலநாவலும் பெட்டியிலே வைத்து விற்கப்பட்டது. நாவலைக் கற்றறிந்தவருக்குச் சில விடைகள் தெரிந்திருந்தன. எனினும் பாத்திரங்களின் தன்னியக்கம் கதையை எழுதியபடியே ஓடவிடவில்லை.

புதிர் பண்டமானதும் விடையும் பண்டமாயிற்று. மைக் டோர்ன்புறூக் தொடக்கிய சோர்க் பயனர் குழு தபால்வழியாக வரைபடங்களையும் துப்புகளையும் விற்றது. பின்னர் இன்போகொம் அம்முயற்சியைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. அவர்கள் வெளியிட்ட துப்பு நூல்களிலே விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையினால் அச்சிடப்பட்டிருந்தன. உடன் வரும் பேனையினாற் பூசினாலே எழுத்துத் தோன்றும். முதலிற் சிறு சாடை, பின்னர் தெளிவான குறிப்பு, இறுதியில் முழுவிடை எனப் படிப்படியாக அவை அமைந்திருந்தன. வேண்டிய அளவுக்கு மட்டும் உதவிபெறும் உரிமையை ஆடுபவருக்கு அளித்த வகையில் இது நுட்பமான கல்விமுறை. பூட்டை விற்றவரே திறப்பையும் விற்றார் என்பதும் அதேயளவு உண்மை.

சந்தைக்கு வெளியே வேறோர் ஏற்பாடு நிலவிற்று. அதுவே நினைவுக் குறிப்புகளில் உரிய இடம் பெறாதது. 'கொம்பியூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' சஞ்சிகையிலே கீத் காம்பெல் நடத்திய பகுதி போன்றவற்றுக்கு வழிதவறிய வாசகர் கடிதம் எழுதினர். விடையறிந்த வாசகர் பதிலெழுதினர். 1986இல் பெண்கள் இருவர் முன்னின்று தொடங்கிய 'அட்வெஞ்சர் புறோப்' என்னும் சிறுசஞ்சிகை, பெரு நிறுவனங்கள் இத்துறையைக் கைவிட்ட பின்னரும் ஆடுவோரை ஒன்றிணைத்து வைத்தது. பாடசாலை இடைவேளைகளிலும் அலுவலகங்களிலும் வரைபடத் தாள்கள் கைமாறின. ஒருவர் பாம்பைக் கடந்திருப்பார், மற்றொருவர் பிளவைக் கடந்திருப்பார். இருவரும் சேர்ந்து குகையை முடிப்பர். தனிமனித மேதைமையின் சாதனையாக இன்று சொல்லப்படுவது, உண்மையிலே பலரின் சிற்றறிவுகள் திரண்ட சமூக அறிவாகும்.

ஆடுவோர் படைப்போராகிய நிகழ்வும் இக்காலத்ததே. வேல்ஸ் நாட்டு கில்சொப்ற் நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'த குவில்', கிறஹம் யான்டில் ஆக்கியது. செயல்நிரலாக்கம் அறியாதோரும் அறைகளையும் பொருள்களையும் விளைவுகளையும் நிரப்பி ஆட்டமொன்றைப் படைக்க அது உதவியது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அதனாற் பிறந்தன. அவற்றுட் பல முதிராதவை. ஆயினும் உற்பத்திக் கருவி பொதுமக்கள் கைக்கு எட்டியபோது கலையின் எல்லை விரிந்தது என்பதில் ஐயமில்லை.

5

புதிர் நேர்மையாயிருத்தல் போதுமா? பொருளுடையதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வினாவை இன்போகொம் நிறுவனத்தின் இரு படைப்புகள் எழுப்பின.

1984இல் றீகன் மீண்டும் அமெரிக்க ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டதற்கு எதிர்வினையாக ஸ்ரீவ் மெரற்ஸ்கி 1985இல் எழுதியது 'ஏ மைண்ட் போரெவர் வோயேஜிங்'. ஆடுபவர் இதிலே கணனியொன்றின் மனமாக வருகிறார். செனற்றர் ஒருவர் முன்வைக்கும் தேசியத் திட்டம் நடைமுறையானால் நாடு என்னவாகும் என்பதைப் பாவனை நகரமொன்றில் பத்தாண்டுக்கொருமுறை சென்று பதிவுசெய்வதே அவர் கடமை. அந்நகரம் கண்முன்னே சிதைகிறது. வறுமையும் மதவெறியும் அடக்குமுறையும் குடும்பத்தின் வாசலுக்கே வந்துசேர்கின்றன. இதன் பெரும்பகுதியிற் புதிர்களே இல்லை. எந்தக் காட்சி சாட்சியமாகத் தக்கது எனத் தேர்வதே ஆடுபவரின் வேலை. சமூகத்தை அவதானித்தல் என்னும் எழுத்தாளனின் பணி இங்கே ஆட்டத்தின் வினையாகிவிட்டது. எனினும், புதிரை முற்றாக நீக்கினாலன்றி அரசியலைப் பேசமுடியாதென ஆசிரியர் கருதினாரோ என்ற குறையும் எழுகிறது. கண்டு பதிபவர் அந்நகரத்தின் சிதைவுக்குப் பெரும்பாலும் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார்.

அக்குறையைத் தாண்டியது 1986இல் பிறயன் மொறியாற்றி எழுதிய 'ட்ரினிற்றி'. அணுகுண்டு வீழவிருக்கும் தறுவாயில் லண்டன் கென்சிங்ரன் பூங்காவிலே தொடங்கும் இவ்வாட்டம், ஆடுபவரை அணுவாயுத வரலாற்றின் பல தருணங்களூடாக 1945 ஜூலை 16ஆம் நாள் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்ட நியூ மெக்சிக்கோப் பாலைவனத்துக்குக் கொண்டுசெல்கிறது. நடுவே ஒரு புதிர். மாயக் கலவையொன்றைக் காய்ச்சச் சில பொருள்கள் வேண்டும். ஒன்று தேன், ஒன்று வெள்ளைப்பூடு, மற்றொன்று அப்பொழுதே கொல்லப்பட்ட சிற்றரணை. அரணையை உயிரோடு பிடித்தாயிற்று. அது ஆடுபவரின் கையிலேயே இருக்கிறது. அதைக் கொல்லும் கட்டளையை அவரே தட்டெழுதவேண்டும். வேறு வழியில்லை.

'கொலோசல் கேவ்' ஆட்டத்தின் பறவைநாகப் புதிரை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. அங்கே நாகத்தைக் கொல்லும்படி தட்டெழுதியவரை, வெறுங்கையாலா எனக் கணனி எள்ளலோடு கேட்கும். 'ஆம்' என்று விடையளித்தால் நாகம் உடனே மாண்டுவிடும்! கொலை அங்கே வெறும் வேடிக்கை. இந்த ஆட்டங்கள் பலவற்றிலும் 'கொல்' என்பது 'எடு', 'திற' என்பவற்றோடு ஒத்த மற்றொரு வினைச்சொல்லாகவே வழங்கிற்று. மொறியாற்றி அந்தச் சொல்லுக்கு அதன் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். விடை எல்லோருக்கும் தெரியும், புத்திக்குச் சிரமமில்லை, விரல்தான் விசையை அழுத்தத் தயங்குகிறது. தேவை என்ற பெயரால் சிற்றுயிரைக் கொன்ற கை, அதே தர்க்கத்தினால் நகரங்களை எரித்த கைகளின் வரலாற்றினுள்ளே நுழைகிறது. கருத்துரை எதுவுமின்றி, ஆடுபவரின் செயலாலேயே இக்கண்டனம் நிகழ்த்தப்படுகிறது. நாவலும் நாடகமும் வாசகரைச் சாட்சியாக்கும். இவ்வடிவத்துக்கோ அவரை உடந்தையாக்கவும் முடியும். புதிர் தன் முழு முதிர்ச்சியை எய்திய இடம் இதுவெனக் கூறுதல் தவறாகாது.

6

இன்போகொம் 1986இல் அக்ரிவிசன் நிறுவனத்தின் உடைமையாயிற்று, 1989இல் மூடப்பட்டது. வடிவம் சந்தையை இழந்தது, மடியவில்லை. பிரித்தானியக் கணிதவியலாளரான கிரகம் நெல்சன் 1993இல் 'இன்போர்ம்' என்னும் ஆக்கக் கருவியை வெளியிட்டு, எவரும் விலையின்றிப் பயன்படுத்த விட்டார். ஆடுபவருக்கு உரிய உரிமைகளைப் பட்டியலிட்டவரும் அவரே. முன்னெச்சரிக்கையின்றிக் கொல்லப்படாதிருத்தல், தெரியாமலே வெல்லமுடியாத நிலைக்குத் தள்ளப்படாதிருத்தல், ஆட்டத்தை முன்னரே ஆடி இறந்தவர் மட்டும் அறியக்கூடிய செய்திகளை வேண்டாதிருத்தல், அமெரிக்கராக இருக்கவேண்டிய கட்டாயமின்மை என்பன அவற்றுட் சில. நாம் மேலே சுட்டிய குறைகள் ஒவ்வொன்றும் இதிலே எதிர்நிலையில் இடம்பெற்றிருத்தல் காண்க. ஏக்கமுற்றோர் பொற்காலமெனப் போற்றும் காலத்தை உள்ளிருந்தே நேசித்த ஒருவர், அதன் அநீதிகளைச் சட்டமாகத் தொகுத்து நீக்க முயன்றார். பழமையைப் பேணும் முறை அதுவே. 2025 நவம்பரில் சோர்க் மூன்று பகுதிகளினதும் மூலச் செயல்நிரல்களை மைக்ரோசொப்ற் நிறுவனம் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட்டது. பல்கலைக்கழக அறையொன்றிலே பொதுச்சொத்தாகப் பிறந்து பண்டமாகியது, நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் மீண்டும் பொதுவெளிக்கு வந்திருக்கிறது.

ஆய்வுலகமும் இவ்வடிவத்தைப் புறக்கணித்துவிடவில்லை. 1985இலேயே மேரி ஆன் பக்கிள்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே 'அட்வெஞ்சர்' பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். எனினும், புதிரைத் தனித்தனியே எடுத்து, அது வேண்டும் அறிவு யாருடையது, அது விளைவிக்கும் கடினம் எதனாலானது, அது ஆடுபவரை எந்நிலையில் நிறுத்துகிறது என வினவும் விமர்சனம் இன்னும் வளரவேண்டியுள்ளது. சிக்கல்வழியிற் பொருளிட்டு வரைபடம் கீறியதும், திருடனின் கைத்திறனை உணர்ந்ததும், அரணையின் முன் விரல் தயங்கியதும் அவ்வினாக்களுக்கு நின்று பதில் சொல்லும். கடைசிப் புள்ளியும் பேஸ்போல் அறைகளும் எடுக்கத் தவறிய கடிதங்களும் சொல்லா. கடினம் என்ற ஒரே சொல்லால் இவையனைத்தையும் மூடிவிடுவது, நல்லதையும் தீயதையும் ஒரே குழியிற் புதைப்பதாகும்.

மாமத் குகையிலே பிஷப் தாம் கடந்த பள்ளத்தின் மறுகரையைத் தமக்குள் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. பின்வருவோர்க்காக அதனைத் தாளிலே வரைந்தார். சாகச ஆட்டங்களை நினைவுகூர விரும்புவோர் முதலிற் போற்றவேண்டியது அந்தத் தாளையே. புதிரின் பெருமை அதனிடம் தோற்றவர் தொகையிலே தங்கியிருப்பதில்லை. அதனைக் கடந்தவர் பின்வருவோரிடம் எதனைக் கையளிக்க முடிந்தது என்பதிலேயே அது தங்கியுள்ளது.